பொம்பருக்குக் கீழே யாழ்ப்பாணம், 1990–95: வீட்டுக்குள்ள என்ன நடந்தது?

வடலி எழுதியது:

உறவுகளுக்கு வணக்கம்.

சண்டைகளைப் பற்றி எழுத ஆள் இருக்கு. எந்தச் சமர், எந்த முகாம் என்று திகதி வாரியாகக் கிடைக்குது. ஆனால் 1990 யூன் தொடக்கம் 1995 ஒக்டோபர் வரை வலிகாமத்தில ஒரு குடும்பம் காலமை எழும்பி இரவு படுக்கிற வரைக்கும் என்ன செய்தது என்று கேட்டால், ஆளுக்கு ஒரு வசனம்தான் வருது: "பங்கருக்குள்ள இருந்தனாங்கள்." அந்த ஒரு வசனத்துக்குப் பின்னால எவ்வளவு வேலை, எவ்வளவு கணக்கு, எத்தனை வாக்குவாதம் இருந்தது என்று அந்த வீடுகளில வளர்ந்த எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சவை ஒவ்வொருத்தராய் போய்க்கொண்டிருக்கினம். அதனால்தான் இந்த இழை.

தெரியாத ஆக்களுக்காக ஒரு சின்னப் பின்னணி. 1990 யூனில இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கினது. மின்சாரம் போனது, போனதுதான். யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள ஆமி, வெளியில இயக்கம் (விடுதலைப் புலிகள்) முற்றுகை. கோட்டையைச் சுத்தி இருந்த பட்டணப் பகுதி குண்டிலயும் ஷெல்லிலயும் தரைமட்டம். செப்ரெம்பர் 26 கோட்டையை விட்டு ஆமி போச்சுது. சனம் கொஞ்சம் மூச்சு விட்டது. ஆனால் வானம் மாறேல்லை. அடுத்த ஐந்து வருசமும் பலாலி ஆமி முகாம் பக்கமிருந்து ஷெல், மேலயிருந்து குண்டு.

அதோட பொருளாதாரத் தடை. பெற்றோல், பற்றரி, சீமெந்து, யூரியா ஒன்றும் வராது. மண்ணெண்ணெய் அளந்து வரும். குண்டுக்குத் தப்ப பங்கர் வேணும், பங்கருக்குச் சீமெந்து வேணும், சீமெந்துக்குத் தடை. இதை வைச்சுக்கொண்டு சனம் என்ன செய்தது என்றுதான் கேட்கிறன். பங்கர் வெட்டினது யார், விளக்கு எப்படி எரிஞ்சது, பள்ளிக்கூடம் எப்படி நடந்தது, வருத்தக்காரரை எப்படிக் கொண்டு போனது. தெரிஞ்சதை மட்டும் எழுதுங்கோ.

---

கொட்டடியான் எழுதியது:

தம்பி நல்ல வேலை தொடங்கியிருக்கிறீர்.

முதல்ல காது. காதுதான் எங்களுக்குச் சங்கு. எங்கட பக்கம் ஒருத்தரும் சைரன் ஊதிச் சொல்லேல்லை. சியாமாசெட்டி என்ற விமானம் சின்னது, ஒற்றைப் புறொப்பல்லர், இரைச்சல் கீச்சென்று இருக்கும். ஹெலி தூரத்திலயே படபடவென்று கேட்கும், அது வந்தால் ஐம்பது கலிபரால சுடும், ஆனபடியால் மதிலோ மரமோ மறைவு தேடவேணும். சகடை என்று சனம் பேர் வைச்ச பாரமான விமானம் அவசரமில்லாமல் உயரத்தில வரும், அதிலயிருந்து பீப்பாய்க் குண்டு உருட்டி விடுவினம். பிறகு சுப்பர்சொனிக் வந்தது. அதுக்குக் காது உதவாது. சத்தம் கேட்கிற நேரம் அது போயிடும்.

பொம்பர் வந்தவுடன போடாது. சுத்தும். இரண்டு மூன்று தரம் வட்டமடிக்கும். அதுக்குள்ள பங்கருக்குப் போகவேணும். பிறகு பதியும், தாழ இறங்கும். பதியிற நேரம் இரைச்சல் மாறும், அந்த மாற்றம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நேரே தலைக்கு மேல வந்தாப் பிறகு கழட்டின குண்டு எங்களுக்கு இல்லை. அது முன்னால போய் விழும். எங்களை நோக்கி வரேக்க, இன்னும் தலைக்கு மேல வராமல் தூரத்தில நிற்கேக்க கழட்டினால்தான் ஆபத்து. இதை எங்களுக்கு ஒரு வாத்தியாரும் படிப்பிக்கேல்லை.

நாள் போகப் போகப் பழகிட்டுது. சத்தத்தைக் கேட்டுப்போட்டு "இது எங்களுக்கில்லை" என்று சாப்பாட்டைத் தொடர்ந்த நாளும் இருக்கு.

---

மாட்டுத்தாவணி எழுதியது:

மதுரையிலிருந்து எழுதுறேன். தப்பாக் கேட்டா மன்னிக்கணும். தலைக்கு மேல வந்தப்புறம் விழுற குண்டு நமக்கில்லைன்னு சொன்னீங்களே, அது உண்மையிலேயே சரியான கணக்கா, இல்ல மனசைத் தேத்திக்கச் சொன்னதா?

எங்க வீட்டுல பெரியவங்க 1942 'எவாக்குவேசன்' பத்திப் பேசுவாங்க. அந்த ஏப்ரல்ல ஜப்பான்காரன் கொழும்புலயும் விசாகப்பட்டினத்துலயும் குண்டு போட்டதும் சென்னையே பாதி காலியாச்சு. கடைசியில 1943 அக்டோபர்ல ஒரு விமானம் ராத்திரி வந்து போட்டுட்டுப் போச்சு, அவ்வளவுதான். அந்த ஒண்ணையே தலைமுறைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தோம். அஞ்சு வருசம்னா என்னால நினைச்சே பாக்க முடியல.

---

அலவாங்கு எழுதியது:

மாட்டுத்தாவணி, அது சரியான கணக்குத்தான். நான் கட்டட வேலைக்காரன், கொஞ்சம் விளக்கிறன். விமானத்திலயிருந்து கழண்ட குண்டு நேரே கீழே விழாது. விமானம் போன வேகத்திலயே முன்னுக்குப் போய்க்கொண்டுதான் இறங்கும். 1,000 மீற்றர் உயரத்திலயிருந்து விழ ஏறக்குறைய 14 செக்கன் எடுக்கும். அந்த 14 செக்கனில அது பல நூறு மீற்றர் முன்னால போயிடும். பதிஞ்சு போடேக்க தூரமும் நேரமும் குறையும், ஆனால் திசை அதேதான். உருட்டி விடுற பீப்பாய்க்குக் குறி கிடையாது, எங்கயும் விழும். அதைத்தான் சனம் கூடப் பயந்தது.

இனி பங்கர். ஆழம் ஆள் நிற்கிற அளவு இல்லை, குந்தியிருக்கிற அளவு. அகலம் கூடினால் மேல்மூடி தாங்காது. முக்கியம் மூலை. நேராக வெட்டின கிடங்கில வாசல் பக்கம் குண்டு விழுந்தால் சிதறுதுண்டு முழு நீளத்துக்கும் உள்ள வரும். துண்டு நேராகத்தான் போகும், திரும்பாது. அதனால 'ட' மாதிரி வளைச்சு வெட்டி, ஆக்கள் வளைவுக்கு அங்கால இருப்பினம். இரண்டு வாசல் கட்டாயம். ஒன்று மூடுப்பட்டால் மற்றதால வெளியில வரவேணும். ஒற்றை வாசல் பங்கருக்குள்ள மண் மூடிச் செத்த ஆக்கள் இருக்கினம்.

மேல்மூடிக்கு பனங்குத்தி. முற்றின பனையைத் தறிச்சுப் பிளந்து நெருக்கி அடுக்கி, அதுக்கு மேல தகரமோ ஓலையோ, அதுக்கு மேல மண், மண்ணுக்கு மேல உரப்பை மூட்டை. யூரியாவுக்குத் தடை வர முன்னம் தோட்டத்தில சேர்ந்த உரப்பைதான் எங்களுக்கு மண்மூட்டை. காங்கேசன்துறைப் பாதையில இரயில் ஓடாமல் போனதும் சிலிப்பர் கட்டையும் தண்டவாளமும் கழண்டு வளவுகளுக்கு வந்தது. தண்டவாளம் கிடைச்ச வீடு அதிர்ஷ்டமான வீடு.

நிலமும் ஒரு பிரச்சினை. வலிகாமத்தில செம்மண்ணுக்குக் கீழ சுண்ணாம்புக்கல். சில வளவில இரண்டடியில கல் தட்டும், பிக்கான் தெறிக்கும். அப்படியான இடத்தில அரைவாசி நிலத்துக்குக் கீழ, அரைவாசி மேல மூட்டை அடுக்கிக் கட்டினவை. குருநகர், நாவாந்துறைப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே தண்ணி. அங்க பங்கரே கனவுதான். அந்தச் சனத்துக்குக் கோயில் சுவர்தான் மிஞ்சினது. அந்தச் சுவரும் காக்கேல்லை. 1993 நவம்பர் 13 குருநகர் யாகப்பர் தேவாலயத்துக்குக் குண்டு விழுந்தது எல்லாருக்கும் தெரியும்.

நேரடியாக விழுந்தால் எந்தப் பங்கரும் நிற்காது. பங்கர் தடுத்தது பக்கத்தில விழுந்த குண்டை. பெரும்பாலான சாவு பக்கத்தில விழுந்த குண்டாலதான் வரும். ஆனபடியால் வெட்டின ஒவ்வொரு கிடங்கும் பிரயோசனப்பட்டது.

---

முற்றத்துவேம்பு எழுதியது:

அலவாங்குத் தம்பி பங்கர் வெட்டினதைச் சொல்லிப்போட்டார். அதுக்குப் பிறகு அதை வைச்சிருந்தது நாங்கள். அதையும் எழுதோணும்.

மாரி வந்தால் பங்கர் கிணறு. வாளியால அள்ளி ஊத்தினால் விடிய திரும்ப நிக்கும். ஈரத்துக்குத் தேள், மட்டத்தேள், பாம்பு எல்லாம் வரும். ஒவ்வொரு நாளும் காலமை விளக்குக் கொண்டு இறங்கி மூலை முடுக்கெல்லாம் பாத்து, சாக்கை உதறி, மண்ணெண்ணெய் மிச்சமிருந்தால் வாசலில தெளிச்சு... இது கூட்டிப் பெருக்கிற மாதிரி தினசரி வேலை. உள்ள ஒரு குடம் தண்ணி, ஒரு போத்தல் சீனித்தண்ணி, பழைய துணி, பிள்ளையளின்ர பிறப்புச் சாட்சிப் பத்திரமும் அடையாள அட்டையும் போட்ட பை. பையை மறந்து ஓடினால் பிறகு கச்சேரியில (அரசாங்கக் கந்தோரில) அலைஞ்சு முடியாது.

சமையல் விடியப்புறம் முடியோணும். பகலில புகை போனால் மேலயிருந்து தெரியும் என்று பயம். அது உண்மையோ தெரியாது, ஆனால் நாங்கள் எரிக்கேல்லை. இரவில ஜாம் போத்தல் விளக்கு. போத்தலுக்கு அடியில பஞ்சு, அதில கொஞ்சம் மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ள திரி. சொட்டெண்ணெயில ஒரு இரவு பிள்ளையள் படிக்கும். உடுப்புத் தோய்க்கப் பனம்பழம். சவர்க்காரம் விக்கிற விலைக்கு அது குளிக்க மட்டும்.

கொட்டடியான் அண்ணை கோவிக்கக் கூடாது. "பழகிட்டுது" என்று எழுதினதை நான் ஏற்க மாட்டன். உங்களுக்குச் சத்தம் பழகியிருக்கும். எனக்கு மூன்று பிள்ளையள். ஒண்டு பள்ளிக்கூடத்தில, ஒண்டு ரியூசனில, ஒண்டு மடியில. பொம்பர் சுத்தத் தொடங்கினால் மடியில இருக்கிறதைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள்ள போயிருந்து மற்ற இரண்டையும் நினைச்சு நெஞ்சு அடிச்ச அடி ஐந்து வருசத்திலயும் ஒரு நாள் கூடக் குறையேல்லை. சத்தம் எந்தப் பக்கம் கேக்குது, அந்தப் பக்கம் எந்தப் பள்ளிக்கூடம், இதுதான் என்ர கணக்கு.

இன்னொண்டு. எல்லாரும் ஒரே பங்கருக்குள்ள இருக்கிறதோ, இரண்டாய்ப் பிரிஞ்சு இருக்கிறதோ? எங்கட வீட்டில இதுக்குச் சண்டையே நடந்தது. இவர் சொன்னார் பிரிஞ்சிருப்பம், ஒரு குண்டில எல்லாரும் போகக்கூடாது என்று. நான் சொன்னன், மிஞ்சிற பிள்ளை தனிய இருந்து என்ன செய்யும், போனால் எல்லாரும் போவம். மாமி இரண்டு பேரையும் கேக்கேல்லை. அவ பங்கருக்குள்ளயே வரமாட்டா. முழங்கால் ஏலாது, இறங்கினால் ஏறேலாது என்று சாமியறையில இருந்திடுவா. அவவை விட்டுப்போட்டு இறங்கிற ஒவ்வொரு தரமும் எனக்குப் பாவம் செய்த மாதிரி. இதையெல்லாம் பழகிறதெண்டு எப்படிச் சொல்லுறது?

---

கொட்டடியான் எழுதியது:

தங்கச்சி, கோபமில்லை. எனக்கு அப்ப கலியாணம் ஆகேல்லை, தனி ஆள். நீங்கள் சொல்லுறது வேற பக்கம். எழுதுங்கோ, நான் வாசிக்கிறன்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

இந்த "பழக்கம்" பற்றிய விவாதம் வேறு நகரங்களிலும் உண்டு. லண்டனில் 1940 செப்ரெம்பர் 7 தொடங்கி 57 இரவுகள் இடைவிடாமல் குண்டு விழுந்தது. 1941 மே வரை நீண்ட அந்தத் தாக்குதலில் பிரித்தானியா முழுவதும் 40,000க்கு மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். சுரங்க இரயில் நிலையத்தில் சனம் பாட்டுப் பாடிக்கொண்டு படுத்திருக்கிற படங்கள்தான் உலகத்தின் நினைவில் நிற்கின்றன. ஆனால் அந்த நவம்பரில் எடுத்த கணக்கெடுப்பின்படி சுரங்க நிலையங்களில் படுத்தவர்கள் நூற்றுக்கு 4 பேர் மட்டுமே. பெரும்பாலானோர் தங்கள் வீட்டிலேயே, மாடிப்படிக்குக் கீழேயோ கட்டிலிலோ கிடந்தார்கள். வீட்டுத் தோட்டத்தில் நெளிதகரத்தைப் புதைத்துக் கட்டிய அண்டர்சன் காப்பிடங்களிலும் மழைத்தண்ணீர் நின்றதாக அதே புகார்.

ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. லண்டனில் அந்தத் தகரத்தை வசதி குறைந்த வீடுகளுக்கு அரசாங்கமே இலவசமாகக் கொடுத்தது. எதிரி வேறு நாட்டவன். யாழ்ப்பாணத்தில் குண்டு போட்டதும், சீமெந்தைத் தடுத்ததும், கச்சேரி வழியாக ஆசிரியர்களுக்குச் சம்பளம் அனுப்பியதும், கப்பலில் நிவாரண அரிசி அனுப்பியதும் ஒரே அரசாங்கம். தன் குடிமக்கள் என்று பதிவேட்டில் எழுதி வைத்துக்கொண்டு அவர்கள் மேல் குண்டு போடுவதை நான் எந்தக் காலத்திலும் மன்னிக்க மாட்டேன். இதை வெறும் போர்த் துயரம் என்று பொதுவாகச் சொல்லிக் கடந்து போகிறவர்கள் 1995 யூலை 9 நவாலியைப் பற்றி வாசிக்க வேண்டும். இராணுவத்தின் 'முன்னேறிப் பாய்தல்' நடவடிக்கைக்குத் தப்பி வந்த சனம் புனித பேதுருவானவர் ஆலயத்திலும் சுற்றியும் தங்கியிருந்தது. கோயில்களில் போய் இருங்கள் என்று அரசாங்கம் அறிவித்தல் விட்டிருந்தது. அங்கேதான் குண்டு விழுந்தது. நூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செப்ரெம்பர் 22 வடமராட்சி கிழக்கு நாகர்கோவில் பாடசாலையில் குண்டு விழுந்தது. இறந்தவர்கள் மதிய இடைவேளையில் நின்ற மாணவர்கள்.

---

சாவகன் எழுதியது:

ஏட்டுச்சுவடி எழுதினதில ஒரு சொல்லும் குறைக்கத் தேவையில்லை. ஆனால் இந்த இழையில் இன்னும் இரண்டு விசயம் வரவேணும், வராவிட்டால் நாங்கள் அரைவாசியைத்தான் எழுதுறம்.

ஒன்று, 1990 கோடையில் குண்டு விழுந்த பட்டணத்தில் சோனகத் தெருவும் இருந்தது. அந்தச் சனமும் எங்களோட அதே குண்டுக்குக் கீழ இருந்தது. அதே வருசம் ஒக்டோபர் 30 விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். குண்டு துரத்தாத சனத்தை நாங்கள் துரத்தினம் என்று எழுதாமல் இந்தக் காலத்தை எழுதேலாது.

இரண்டு, வெளியேற நினைச்ச தமிழருக்கும் வழி இலேசில்லை. ஆனையிறவுப் பாதை மூடி. கிளாலிக் கடலால இரவில வள்ளத்தில போகவேணும், கடற்படை சுடும். அதுக்கும் முன்னம் இயக்கத்தின்ர பாஸ் எடுக்கவேணும், ஆள் பிணை நிக்கவேணும். "ஏன் அந்த நகரத்தில இருந்தனீங்கள்?" என்று வெளிநாட்டில பிறந்த பிள்ளையள் கேட்கினம். இருந்ததுக்கு உறுதியும் காரணம், ஊர்ப்பற்றும் காரணம், போக வழியில்லாததும் காரணம்.

---

முற்றத்துவேம்பு எழுதியது:

சாவகன் தம்பி எழுதினது சரி.

---

கரும்பலகை எழுதியது:

அப்ப நான் படிப்பிச்சுக்கொண்டிருந்தவள். பள்ளிக்கூடம் மூடினால் பிள்ளையள் வீட்டில இருந்து பயந்துகொண்டிருக்குங்கள் என்று திறந்தே வைச்சிருந்தம். மரத்துக்குக் கீழ வகுப்பு. மைதான ஓரம் நீளமாக வெட்டின பதுங்குகுழி, வகுப்பு வகுப்பாய். இரைச்சல் கேட்டால் மணி அடிக்க மாட்டம், அடிச்சால் ஒன்றையொன்று மிதிக்குங்கள். ரீச்சர் எழும்பி நடந்தால் பிள்ளையள் பின்னால வரிசையாய் வரவேணும். ஓடக்கூடாது. இதைப் பழக்கத்தான் முதல் தவணை முழுக்கப் போனது.

குழிக்குள்ள எப்படி இருக்கிறதென்றும் படிப்பிச்சம். குப்புறப் படுத்தாலும் நெஞ்சு நிலத்தில முட்டக்கூடாது, முழங்கையில தாங்க வேணும். அதிர்வு நிலத்தால வந்து நெஞ்சில அடிக்கும். காதைப் பொத்தி வாயைத் திறந்து வைக்கவேணும், இல்லாவிட்டால் காதுச்சவ்வு கிழியும்.

தாய்மார் வந்து கேட்பினம், அண்ணனையும் தங்கச்சியையும் ஒரே குழியில விடுங்கோ ரீச்சர் என்று. அடுத்த நாள் இன்னொரு தாய் வந்து, என்ர பிள்ளையளை ஒரே குழியில விடாதேங்கோ என்பா. இரண்டு பேருக்கும் நான் ஓம் என்றுதான் சொன்னன். முற்றத்துவேம்பு எழுதினதை வாசிச்ச பிறகு அந்த முகங்கள் எல்லாம் வந்துபோகுது.

பிள்ளையள் பரீட்சை எழுதிச்சினம். ஜாம் போத்தல் விளக்கில படிச்சுக் கம்பசுக்கு (பல்கலைக்கழகத்துக்கு) போச்சினம். இதைப் பெருமையாய்ச் சொல்லிறது வழக்கம், எனக்கும் பெருமை இருக்கு. ஆனால் வகுப்பில இருந்து ஒன்றும் எழுதாமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையளும் இருந்தினம். பத்து வயசில திரும்பப் படுக்கையில சலம் போகத் தொடங்கின பிள்ளையள், கொன்னை தட்டத் தொடங்கின பிள்ளையள். அவையைப் பற்றி ஒரு விழாவிலயும் கதைக்கிறதில்லை. அப்ப எங்களுக்கு அதுக்கு வைத்தியம் இருக்கென்று தெரியாது. "பயந்த கோளாறு" என்று நூல் கட்டினம்.

---

மாட்டுத்தாவணி எழுதியது:

படிக்கப் படிக்கத் தொண்டை அடைக்குது. கேக்கலாமான்னு தெரியல, இருந்தாலும் கேக்குறேன். வெளியில என்ன நடக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுது? பேட்டரி இல்லாம ரேடியோ எப்படி? ராத்திரி பிரசவ வலி வந்தா என்ன பண்ணுவாங்க?

---

கொட்டடியான் எழுதியது:

றேடியோ என்ர வேலை, நான் சொல்லுறன். சைக்கிளைத் தலைகீழாய்க் கவிட்டு வைச்சு ஒருத்தர் பெடல் சுத்த, டைனமோவில இருந்து வயர். அதில றேடியோ பாடும். சுத்திற வேகம் குறைஞ்சால் சத்தம் குறையும். பின்னேரம் வெரித்தாஸ் வானொலி, இரவு பிபிசி தமிழோசை. ஒரு வளவில சுத்தினால் நாலு வீட்டுச் சனம் வேலிப் பொட்டுக்குள்ளால வந்து குந்தியிருக்கும். சுத்திற பொடியனுக்குத்தான் முதல் தேத்தண்ணி. பேப்பரும் வந்தது. அச்சுத்தாள் இல்லாமல் உதயன் கோடு போட்ட கொப்பித் தாளில கூட அடிச்சு வந்தது. அந்தத் தாளை ஒருத்தரும் எறிஞ்சதில்லை.

மோட்டார் சைக்கிளும் ஓடினது. ஒரு சொட்டுப் பெற்றோல் காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில ஓட்டம். வெள்ளைப் புகை கக்கும். நிப்பாட்டினால் திரும்ப எடுக்கிறது கஷ்டம், அதால சந்தியில நிப்பாட்டாமல் வட்டமடிச்சுக்கொண்டு நிப்பினம்.

---

முற்றத்துவேம்பு எழுதியது:

பிரசவத்துக்கு அந்த மாதிரி மோட்டார் சைக்கிள் உள்ள வீட்டை முன்கூட்டியே சொல்லி வைக்கிறது. எட்டாம் மாதமே போய்க் கேட்டிடோணும். அது இல்லாட்டி சைக்கிள் பின் கரியரில தலையணை கட்டி, ஒருத்தர் உருட்ட, ஒருத்தர் பிடிக்க. இரவில ரோட்டில விளக்குக் கொண்டு போகேலாது, ஹெலி பாத்திடும். அதால பலர் கடைசி மாதம் ஆஸ்பத்திரிக்குக் கிட்டச் சொந்தக்காரர் வீட்டில போய் இருந்தவை. பெரியாஸ்பத்திரியைச் சுத்திச் செஞ்சிலுவைச் சங்கம் பாதுகாப்பு வலயம் எண்டு எழுதி வாங்கி, கூரையில பெரிய சிலுவை கீறினது. அந்தச் சிலுவைக்குக் கீழ பெறோணும் எண்டு தாய்மார் நினைச்சது எவ்வளவு நியாயம்.

வரேலாத ஆக்களுக்கு ஊர் மருத்துவிச்சி. கொதிச்ச தண்ணியும் புது பிளேட்டும் ஒவ்வொரு வீட்டிலயும் கட்டி வைச்சிருக்கும். பங்கருக்குள்ளேயே பிறந்த பிள்ளையள் இருக்கினம். பிறந்த பிள்ளைக்குக் காதில பஞ்சு வைக்கோணும், அதை ஒருத்தரும் மறக்கிறதில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு பற்றி இங்க ஒருத்தரும் எழுதேல்லை. மழைக்குள்ள ஊரை விட்டு நாவற்குழிப் பாலத்தில சில இலட்சம் சனம் அடி அடியாய் நகர்ந்தது. அந்தக் கூட்டத்துக்குள்ள பிள்ளைப்பெத்த ஆக்களையும் தெரியும். அதுக்குத் தனி இழை திறக்கிறது நல்லம், இதுக்குள்ள அடங்காது.

---

வடலி எழுதியது:

அக்கா சொன்னபடி இடப்பெயர்வுக்குத் தனி இழை இண்டைக்கே திறக்கிறன்.

இந்த இழையில இன்னும் வேண்டியது: தோட்டக்காரர் யூரியா இல்லாமல் வெங்காயமும் புகையிலையும் எப்படிச் செய்தவை, பனையைத் தறிக்கிறதுக்கு என்ன கட்டுப்பாடு இருந்தது, குண்டு விழுந்த வீட்டுக்கு முதல்ல ஓடினது யார், மண்ணுக்குள்ள இருந்து ஆளை எடுக்கிறது எப்படி. அலவாங்கு அண்ணை கடைசிக் கேள்விக்கு நீங்கள்தான் எழுதவேணும் என்று நினைக்கிறன். கரும்பலகை ரீச்சர், அந்தக் குழிகளின்ர நீளம், எத்தனை பிள்ளையள் ஒரு குழிக்கு, ஞாபகம் இருந்தால் ஒரு படம் கீறி இணையுங்கோ. ஆக்களின்ர பேர் போட வேண்டாம், ஊரும் வருசமும் போதும்.

---

அலவாங்கு எழுதியது:

எழுதுறன் தம்பி. மண்ணுக்குள்ள இருந்து எடுக்கேக்க மண்வெட்டி பாவிக்கக் கூடாது, ஆள் கிடக்கிற பக்கம் கையாலதான் விறாண்ட வேணும். முகம் முதல்ல. வாய், மூக்கு மண்ணைத் துடைச்ச பிறகுதான் மற்றது. மிச்சத்தைச் சனிக்கிழமை இருந்து விபரமாய் எழுதுறன், வேலைத்தளத்தில இருந்து இவ்வளவுதான் ஏலும்.